சட்டைப்பையில் ஒரு சதுரங்க இயந்திரம்: வாங்குமுன் எண்ணிப் பார்க்க

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் தமது 18ஆம் வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியனாக முடிசூடிய பின்னர், பல இல்லங்களில் பரண்மேல் கிடந்த பலகை மீண்டும் கூடத்திற்கு வந்திருக்கிறது. பலகை இருக்கிறது, எதிரே அமர்ந்து ஆடத்தான் ஆள் இல்லை. "பிள்ளை ரயிலிலும் ஆடும்படி கையடக்கமான கருவி ஒன்று வாங்கலாமா?" என்று வாடிக்கையாளர்கள் பேச்சோடு பேச்சாக எங்களிடம் கேட்பதுண்டு. பணி ஓய்வு பெற்ற சிலர் தமக்காகவே கேட்கின்றனர். செலவு சிறிதாயினும், வாங்கிய மாதமே மேசை இழுப்பறைக்குள் போய்விடக்கூடிய பொருள் இது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அட்டைப்பெட்டியின்மேல் முதலில் கண்ணில் படுவது, இக்கருவி எவ்வளவு வலிமையாக ஆடும் என்ற விளம்பரம். உண்மையில் மிகக் குறைவாக மதிக்க வேண்டியதும் அதுவே. வீட்டு உபயோகத்திற்கான முதல் சதுரங்க இயந்திரமாகிய 'செஸ் சேலஞ்சர்' 1977இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, ஓரளவு பழகிய ஆட்டக்காரர் அதை எளிதில் வென்றுவிடலாம். இருபது ஆண்டுகள் கழித்து, 1997இல், கேரி காஸ்பரோவை வென்ற ஐபிஎம் நிறுவனத்தின் 'டீப் புளூ' இரண்டு பெரிய அலமாரிகளை நிறைத்த இயந்திரம். விநாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. பின்னர் 2009இல் பியூனஸ் அயர்ஸ் நகரில் நடந்த போட்டியில், 'பாக்கெட் ஃபிரிட்ஸ் 4' என்னும் நிரல் ஒரு சாதாரணக் கைப்பேசியில் ஓடி, 10 ஆட்டங்களில் 9.5 புள்ளிகள் பெற்று முதலிடம் பிடித்தது. அது விநாடிக்கு ஆராய்ந்தவை 20,000 நிலைகளுக்கும் குறைவே. இன்றோ உலகின் மிக வலிமையான நிரல்களுள் ஒன்றான 'ஸ்டாக்ஃபிஷ்' இலவசமாகக் கிடைக்கிறது. வலிமை என்பது காசு கொடுத்து வாங்க வேண்டிய சரக்காக இருந்த காலம் போய்விட்டது.

அப்படியானால் எதற்குக் காசு கொடுக்கிறோம்? நமக்கேற்ற அளவில் ஆடித் தரும் எதிராளிக்கு. இதற்கு ஒரு கணக்கு உண்டு. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970 முதல் கையாளும் ஈலோ தரப்புள்ளி முறைப்படி, நம்மைவிட 200 புள்ளிகள் மேம்பட்டவருடன் ஆடினால் நாம் எதிர்பார்க்கத்தக்கது நூற்றுக்கு 24 பங்கு. அதாவது நான்கு ஆட்டங்களுக்கு ஒரு புள்ளி. வேறுபாடு 400 ஆனால் அது நூற்றுக்கு ஒன்பதாகச் சுருங்கிவிடும். பதினோரு ஆட்டம் ஆடி ஒன்றில் வெல்லும் பத்து வயதுப் பிள்ளை எத்தனை நாள் ஆடும்? நான்கில் ஒன்றை வெல்ல விடும் படிநிலைதான் தோல்வியும் கற்பிக்கும், ஆர்வமும் குன்றாத இடம் என்பது எங்கள் கருத்து. எனவே கருவியில் எத்தனை படிநிலைகள், அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். பெட்டியில் அச்சிட்ட தரப்புள்ளி தயாரிப்பாளரின் மதிப்பீடு மட்டுமே. போட்டிகளில் ஆடிப் பெற்றதன்று.

படிநிலைகளின் எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில கருவிகளில் படிநிலை என்பது இயந்திரம் யோசிக்கும் நேரம் மட்டுமே. 5 விநாடி யோசித்தாலும் 5 நிமிடம் யோசித்தாலும் புதியவருக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் தோற்பார். வேறு சிலவற்றில் கீழ்ப் படிநிலை என்பது, பத்து நகர்வுகள் பண்டிதரைப்போல் ஆடிவிட்டுப் பதினோராவது நகர்வில் ராணியைக் காரணமின்றித் தூக்கிக் கொடுப்பது. இத்தகைய எதிராளியுடன் பழகும் பிள்ளை திட்டமிடக் கற்காது. தானம் வரும்வரை காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். வாங்குமுன், மிகத் தாழ்ந்த படிநிலையில் ஓர் ஆட்டமேனும் ஆடிப் பாருங்கள். மனிதர் செய்யும் வகைத் தவறுகளைச் செய்கிறதா, பொருளற்ற தானம் தருகிறதா என்பது அரைமணியில் புலப்படும்.

நகர்வைத் திரும்பப் பெறும் வசதி, நடு ஆட்டத்தில் நிறுத்திவிட்டால் நினைவில் வைத்திருக்கும் வசதி, புத்தகத்திலுள்ள ஒரு நிலையை அமைத்து ஆடும் வசதி ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். சிப்பாய் கடைசி வரிசையை எட்டும்போது ராணியைத் தவிர வேறு காயையும் தேர்ந்தெடுக்க இயலுகிறதா என்றும் பாருங்கள். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் நேரும். வீட்டுப் பெரியவர்களிடம் பழைய இந்திய முறையில் கற்றவர்கள், சிப்பாயை முதலில் ஒரு கட்டம் மட்டுமே நகர்த்துவர். ராஜாவை ஒருமுறை குதிரைபோல் தாவவும் விடுவர். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கானும் இம்முறையில் பயின்றவரே. பின்னர் சர்வதேச விதிகளைக் கற்று 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். சர்வதேச விதிகளை மட்டுமே அறிந்த கருவி, இரண்டு கட்டம் தாவிய சிப்பாயைப் போகிற போக்கில் வெட்டும்போது தாத்தா அதை மோசடி என்பார். விதிகளை விளக்கும் கையேடு உடனிருந்தால் வீட்டில் அமைதி நிலவும்.

திரையில் பலகை 5 சென்டிமீட்டர் அகலம் என்றால் ஒவ்வொரு கட்டமும் 6 மில்லிமீட்டர்தான். அந்த அளவில் மந்திரியும் சிப்பாயும் ஒன்றுபோல் தெரியும். மூத்தோருக்காக வாங்குவோர், மாலை வெளிச்சத்தில் அவர்களிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. எல்லாக் கடையிலும் கிடைக்கும் சாதாரண பேட்டரியில் ஓடுவதே உத்தமம். பொத்தான் பேட்டரியில் ஓடுவதாயின் அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். அதைச் சிறு குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பழைய கருவி வாங்குவோர் பேட்டரி அறையைத் திறந்து, வெண்பச்சைப் பூஞ்சைபோல் உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்க்கவும்.

தனிக்கருவியே வேண்டுமா என்ற கேள்வி இனி எழும். எங்கள் விடை: வீட்டில் பயன்படாத பழைய கைப்பேசி இருந்தால் தேவையில்லை. அதன் பின்புறம் உப்பியிருக்கக் கூடாது. அது பேட்டரி கெட்டதன் அடையாளம். சிம் அட்டையை எடுத்துவிட்டு, உள்ளிருப்பவற்றை முழுவதும் அழித்து, செயலி அங்காடியிலிருந்து 'லிச்செஸ்' போன்ற விளம்பரமற்ற இலவசச் செயலியை நிறுவி, இணையத்தைத் துண்டித்தால் போதும். அதுவே சிறந்த சட்டைப்பைச் சதுரங்க இயந்திரம். தாங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கைப்பேசியைப் பிள்ளையிடம் ஆடக் கொடுப்பதை மட்டும் நாங்கள் ஆதரிப்பதில்லை. வங்கிச் செயலியும், ஓடிபி வந்து சேரும் சிம் அட்டையும் அதில்தான் இருக்கின்றன. செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டு, 'சதுரங்கச் செயலி' என்ற பெயரில் பிள்ளை நிறுவும் ஒரு கோப்பு, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்றுவிட்டால் கணக்கே காலியாகக்கூடும். அப்படி நேர்ந்தால் தாமதியாமல் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

முதல் வாரம் இலவசம் என்று அட்டை எண் கேட்கும் பயிற்சிச் செயலிகளும் உள. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையில் தானாகப் பற்று வைக்குமுன் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். பிள்ளை மறந்த செயலிக்கு மாதாமாதம் சந்தா போகிறதா என்பது அவ்வறிவிப்பைப் படித்தால் தெரியும். வேண்டாமெனில் அட்டையில் தந்த அனுமதியை அங்கேயே விலக்கிக்கொள்ளலாம்.

தனிக்கருவிதான் வேண்டும் என்போர் பலர் உள்ளனர். திரைநேரம் குறித்த அவர்களது கவலை நியாயமானதே. இவற்றுள் பல இறக்குமதிச் சரக்குகள். எந்த நாட்டில் தயாரானது, இறக்குமதியாளர் யார் என்ற விவரங்களைப் பார்த்து, ரசீதுடன் வாங்குங்கள். குறை இருந்து விற்பனையாளர் செவிசாய்க்காவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடன் அட்டைத் தவணையில் வாங்க வேண்டாம் என்று வங்கியாளர்களாகிய நாங்களே சொல்கிறோம்: வட்டி, அவ்வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி, பரிசீலனைக் கட்டணம் ஆகியவை சேரும்போது, இச்சிறு பொருளின் விலை வீணே ஏறிவிடும்.

பிள்ளை போட்டிகளுக்குச் செல்பவராயின் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். சர்வதேச விதிகளின்படி, நடுவரின் அனுமதியின்றி ஆட்டக்களத்தில் மின்னணுக் கருவியை உடன் வைத்திருந்தாலே ஆட்டம் தோல்வியாகும். அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. அரங்க வாயிலிலேயே கருவியை உடன்வந்த பெற்றோர் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.