பூட்டு யார் கையில்?

தாம்பரம் மெப்ஸ் ஆலையிலே தாய், லாரியிலே தகப்பன். வீட்டிலே பிள்ளைக்குத் துணை யார், தோழனே? கைப்பேசி! காட்டக்கூடாததையெல்லாம் காட்டிக் காசு குவிக்கிறான் கம்பெனிக்காரன்.

ஆஸ்திரேலியாவிலே 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனையில்லை; கம்பெனிக்குத்தான் அபராதம், 4.95 கோடி டாலர்வரை! இங்கும் அத்தகைய சட்டம் செய்யலாமே என்று அதே மாதம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்றிய அரசுக்கு எடுத்துரைத்தது.

டில்லியின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. மெஷின் முன் நிற்பவள் எதைப் பார்த்துச் சம்மதிப்பாள்?

நாமே செய்வோமா? 2022 அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை, அதிகாரமில்லையென்று 2023 மார்ச்சில் திருப்பினாரே ஆளுநர்! மறுபடி நிறைவேற்றிய பிறகே கையெழுத்து விழுந்தது.