‘பொசிட்டிவ்’ என்றால் நோயா?

திருகோணமலையில் கரைவலை இழுப்பவர்களுக்கும் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களுக்கும் மூட்டு வலி புதிதல்ல. வேலை நோவென்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். 2006 இன் இறுதியில் கிழக்குக் கரையில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்டும் மாதக்கணக்கில் விரல் மடக்க முடியாமல் பலர் அவதிப்பட்டார்கள். அந்தக் காய்ச்சல் 2025 இலும் நாட்டில் தலைதூக்கியது.

இந்த வலி தானாக ஆறுமா, அல்லது எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே தாக்கும் ருமட்டொயிட் வாதமா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்தறிய இரத்தப் பரிசோதனை கைகொடுக்கும்.

ஆனால் எல்லாச் சோதனையும் ஒரே தரமல்ல. ஈ.எஸ்.ஆர். உடலில் அழற்சி உண்டென்று காட்டும், காரணம் சொல்லாது. ருமட்டொயிட் காரணி காசநோயிலும் கூடும், முதுமையில் நோயின்றியும் கூடும். ருமட்டொயிட் வாதத்தைக் காட்டுவதில் அன்ரி சி.சி.பி. கூடுதல் நம்பகமானது, சிக்குன்குனியா வலியில் அது பெரும்பாலும் இராது.

ஆட்களை அதிகம் கலங்கடிப்பது, எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸுக்குப் பார்க்கும் ஏ.என்.ஏ. சோதனை. சீரத்தை ஐதாக்கி, உயிரணுக்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறையில் நுணுக்குக்காட்டியால் பார்ப்பார்கள். தன்னுடலைத் தாக்கும் பிறபொருளெதிரி இருந்தால் அணுக்கரு பச்சையாக ஒளிரும். 1:80 என்றால் எண்பது மடங்கு ஐதாக்கியும் ஒளிர்ந்தது என்று பொருள். 1997 இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், நலமாயிருந்தவர்களிலேயே 100க்கு 13 பேருக்கு அந்த அளவில் ‘பொசிட்டிவ்’ வந்தது; 1:160 அளவில் 5 பேருக்கு. கன்னத்துச் சிவப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் போன்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தே லூபஸ் என்று முடிவெடுக்கிறார்கள். ஏ.என்.ஏ. ‘நெகட்டிவ்’ என்றால் லூபஸ் அநேகமாக இல்லை. என் பார்வையில் இந்தச் சோதனையின் பெரிய பயனே அதுதான்.

ஆகவே கையிலுள்ள காசைக் கரைத்துத் தனியார் ஆய்வுகூடத்தில் நீங்களாகவே பட்டியல் போட்டுச் சோதிக்காதீர்கள். காலையில் எழும்பியதும் மூட்டு அரை மணிக்கு மேல் இறுகியிருந்தால், விரல் மூட்டு வீக்கம் ஆறு வாரம் கடந்தும் வற்றாவிட்டால், வைத்தியசாலை கிளினிக்குக்குப் போங்கள். ருமட்டொயிட் வாதம் என்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பு அரிக்கத் தொடங்கலாம்; மெதொட்ரெக்ஸேற் போன்ற மருந்தை முந்தித் தொடங்கினால் கையைக் காப்பாற்றலாம். சிக்குன்குனியா வந்ததா, எப்போது வந்தது என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.