கூண்டு வண்டியும் எல்.ஆர்.டி.யும்

சுங்கை பெசாரில் தண்டவாளம் கிடையாது. நமக்கு எல்லாமே ஐந்தாம் எண் கூட்டரசு சாலைதான். தெற்கே செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், கிள்ளான். வடக்கே சபாக் பெர்ணம், ஆற்றைத் தாண்டினால் பேராக். அதனால் எல்.ஆர்.டி. என்றாலே கோலாலம்பூர்க்காரர்கள் விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், இலகு ரயில் என்பதன் சூட்சுமம் தோட்டத்து ஆட்களுக்கு எப்போதோ தெரிந்த ஒன்று.

பெர்ணம் ஆற்றுக்கு அக்கரையில், தெலுக் இந்தான் பக்கம், ஜெண்டராத்தா தோட்டம் இருக்கிறது. அங்கே செம்பனைக் குலைகளை ஏற்றிப்போக இன்றும் சின்ன ரயில் உண்டு. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 700 மில்லிமீட்டர்தான், கே.டி.எம். ரயிலுக்கு 1,000, எல்.ஆர்.டி.க்கு 1,435. கடலோரத் தோட்டங்களில் மண் களிமண். மழை பெய்தால் லோரிச் சக்கரம் புதையும். தண்டவாளமோ பாரத்தைக் கட்டைமேல் பரப்பி மண்ணில் இறக்கும். எவ்வளவு பாரமோ அவ்வளவுக்குப் பாதை போட்டால் போதும் என்ற கணக்கு அது.

இன்னொரு நன்மையும் இருக்கிறது; எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வெட்டிய குலையில் அடிபட்டால், தாமதமானால், கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் தோட்டத்திலேயே குலைகளை இரும்புக் கூண்டில் போடுகிறார்கள். கூண்டு தண்டவாளத்தில் உருண்டு ஆலைக்குள் போய், அப்படியே நீராவி உருளைக்குள் நுழைகிறது. காட்டிலிருந்து ஆவி வரைக்கும் குலை கூண்டை விட்டு இறங்குவதே இல்லை.

1906ல் ஜெண்டராத்தா ரப்பர் நிறுவனத்தைத் தொடங்கிய டென்மார்க் பொறியாளர் ஆகே வெஸ்டென்ஹோல்ஸ், அதற்கு முன் பாங்காக்கில் டிராம், மின்சாரத் தொழிலில் இருந்தவர். பட்டணத்து டிராமும் தோட்டத்து ரயிலும் அவ்வளவு தூரத்துச் சொந்தம் இல்லை.

டிராம் தமிழருக்கும் புதிதல்ல. சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது, 1953ல் நின்றது. கொழும்பில் 1899 முதல் 1960 வரை. சிங்கப்பூரில் 1905ல் தொடங்கி 1927ல் முடிந்தது. பினாங்கில் 1936 வரை ஓடியது. ஜார்ஜ்டவுனில் சூலியா தெரு முனையில் சாலையைத் தோண்டியபோது, 2004ல், பழைய தண்டவாளம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. பஸ்ஸுக்குத் தண்டவாளம் வேண்டாம் என்பதால் ஊர் ஊராக டிராமை எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் வைத்திருந்த மெல்பர்னில் இன்று சுமார் 250 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. எடுத்த ஊர்கள் பல, கார் நெரிசலில் மாட்டிய பிறகு, கோடிக்கணக்கில் கொட்டி மறுபடி போட்டுக்கொண்டிருக்கின்றன.

இலகு ரயில் என்ற பெயர் 1970களில் அமெரிக்காவில் பரவியது. இலகு என்பது இரும்பின் எடையைச் சொல்வதில்லை. பெரிய ரயிலைவிடக் குறைவான கூட்டம், சின்ன பெட்டி, செங்குத்தான ஏற்றமும் குறுகிய வளைவும் தாங்கும் பாதை என்று பொருள். மெல்பர்னில் காரோடு காராகச் சாலையில் போகிறது. கோலாலம்பூரில் பெரும்பாலும் தூண்மேல் போகிறது. 1996 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ஸ்டார் தடம், அம்பாங் பக்கம் பழைய ரயில் பாதை கிடந்த இடத்தையே பயன்படுத்திக்கொண்டது. 1998ல் வந்த கிளானா ஜெயா தடத்தில் ஓட்டுநர் கிடையாது. அடுத்த முறை மேடையில் நிற்கும்போது கொஞ்சம் எட்டிப் பாருங்கள்: இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பட்டையாக ஒரு தகடு ஓடும். பெட்டியின் அடியில் உள்ள மோட்டார் காந்த விசையால் அந்தத் தகட்டைப் பிடித்துத்தான் வண்டியை நகர்த்துகிறது.

நம் பக்கம் மிக நெருங்கி வருவது ஷா ஆலாம் தடம். பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலாம், கிள்ளான் வழியாக ஜோஹான் செத்தியா வரை. 2018ல் அரசாங்கம் இதன் செலவை 3,165 கோடி ரிங்கிட்டிலிருந்து 1,663 கோடியாகக் குறைத்தது. ஆறு பெட்டி ரயில் மூன்று பெட்டியானது, சில நிலையங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றில் ஐந்தை மறுபடி கட்டுவதாக 2023 அக்டோபரில் வாசித்த வரவு செலவுத் திட்டம் அறிவித்தது.

சுங்கை பெசாருக்கு எல்.ஆர்.டி. கேட்பதில் அர்த்தமில்லை. சில நிமிடத்துக்கு ஒன்று என ஓடும் ரயிலுக்கு அடுக்குமாடிகள் நெருங்கிய ஊர் வேண்டும். நம்முடையது வயலும் தோட்டமும். நாம் கேட்க வேண்டியது பஸ். கிள்ளான் பெரிய மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை போகும் கிழவியும், ஷா ஆலாமில் படிக்கும் பிள்ளையும் ரயில் நிலைய வாசலிலேயே பஸ் ஏற முடிய வேண்டும். ரயில் நேரத்தைப் பார்த்து அந்தப் பஸ் புறப்பட வேண்டும். ஒரு பஸ் தவறினால் அடுத்ததற்கு எத்தனை மணி நேரம் என்று தெரியாமல் மூட்டையோடு நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு, எல்.ஆர்.டி. தூண்களால் என்ன பலன்?

வழியில் தாமதம் வராதபடி செம்பனைக் குலைக்குச் செய்த ஏற்பாட்டை ஆட்களுக்கும் செய்யலாம். புதுத் தடத்தின் கால அட்டவணை போடும்போதே ஐந்தாம் எண் சாலை பஸ்ஸின் அட்டவணையையும் சேர்த்துப் போடும்படி நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இப்போதே எழுதிக் கொடுப்போம். இரவுக் கடைசி ரயிலில் வந்து இறங்குகிறவருக்கு சபாக் பெர்ணம் வரை ஒரு கடைசி பஸ்ஸும் அதில் இருக்கட்டும்.