படம் சொல்வது எது? சொல்லாதது எது?

மாரிக்காலத்து மாலையொன்றில் நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். கையில் மருத்துவமனையில் தந்த பெரிய உறை இருந்தது. அதனுள் அவருடைய தந்தையாரின் எம்.ஆர்.ஐ. படம். "சாமி, அப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியிலே புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு இன்னும் தெரியாது. உங்களிடம் வந்து கேட்டால், மூத்திரப்பையில் கல் என்றே சொல்லிவிடுங்கள்" என்று வேண்டிக்கொண்டார். பொய் சொல்ல நம்மால் இயலாது என்றோம். ஆயினும் அந்த மகனின் அச்சம் அன்பிலிருந்து பிறந்தது என்பதை உணர்ந்தோம்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் தந்தையாரே வந்து நின்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். "சாமி, பையன் படத்தை ஒளித்து வைத்திருக்கிறான். என்ன வியாதி என்பது எனக்குத் தெரியும். அவன் மனம் உடைந்துபோகுமே என்றுதான் தெரியாதவன்போல் இருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கவேண்டும். ஆப்பரேஷன் செய்தால் பிழைப்பேனா, மாட்டேனா என்று அந்தப் படத்திலே தெரியுமா?" என்றார்.

அவர் கேட்ட கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுகின்ற கேள்வி. நாம் மருத்துவரல்லர். எனினும் மருத்துவ அன்பர்களிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் அறிந்தவற்றை வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

சுரப்பியும் நோயும்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உரிய சுரப்பி. சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ளது. வயது ஏற ஏற இது பெருப்பது இயல்பு. பெருத்ததெல்லாம் புற்றுநோய் அன்று. இச்சுரப்பி உண்டாக்கும் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் இரத்தத்தில் மிகுந்தால் மருத்துவர் ஐயுறுவார்; ஆனால் சாதாரண வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும்கூட அது மிகும். ஆதலின் சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியே நோயை உறுதி செய்கிறது. அத்துணுக்கை உருப்பெருக்கியில் நோக்கி, நோயின் கடுமையை எண்ணால் குறிக்கும் முறையை 1966ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் கிளீசன் வகுத்தார். திருத்தங்களுடன் இன்றும் அது வழக்கில் உள்ளது.

படம் பிறக்கும் விதம்

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. நம் உடலில் பெரும்பகுதி நீர். அந்நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிமை மிக்க காந்தத்தினிடையே ஒழுங்குபடுகின்றன. வானொலி அலைகளைச் செலுத்தி நிறுத்தும்போது அவை மெல்லிய குறிகளைத் திருப்பி அனுப்புகின்றன. கணிப்பொறி அவற்றைத் தொகுத்துப் படமாக்குகிறது. 1973ஆம் ஆண்டில் பால் லாட்டர்பர் இவ்வழியில் படம் எடுக்கலாம் எனக் காட்டினார். அவருக்கும், இம்முறையை வளர்த்த பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

புற்றுநோய் வளர்ந்த இடத்தில் உயிரணுக்கள் நெருங்கி நிற்கும். அங்கே நீர்த் துளி, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவனைப்போல, விருப்பப்படி நகர இயலாது. இந்த நெருக்கத்தையும் இன்றைய கருவி படமாக்கிக் காட்டுகிறது. கண்டதை 1 முதல் 5 வரை எண்ணிட்டு மருத்துவர் எழுதுகிறார். 1 என்றால் கவலைக்குரிய புற்றுநோய் இருப்பது மிக அரிது. 5 என்றால் இருக்கக்கூடும் என்பது மிக வலுவான ஐயம்.

முன்கூட்டி அறிய முடிவது

அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர் இப்படத்தில் முக்கியமாக மூன்றைத் தேடுகிறார்.

முதலாவது, நோய் சுரப்பியின் உறைக்குள் அடங்கியுள்ளதா, உறையைத் தாண்டிவிட்டதா என்பது. தாண்டியிருந்தால் பின்னாளில் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. அமெரிக்க நாட்டில் 553 நோயாளரின் படங்களை ஆராய்ந்து, 2019ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். கட்டி 1.5 சென்டிமீட்டர் அளவேனும் உறையோடு ஒட்டியிருத்தல், அல்லது உறை புடைத்திருத்தல் ஆகிய இரண்டில் ஒன்று காணப்பட்டோருள் 24 விழுக்காட்டினருக்கும், இரண்டும் காணப்பட்டோருள் 38 விழுக்காட்டினருக்கும், உறை உடைந்ததே வெளிப்படையாகத் தெரிந்தோருள் 66 விழுக்காட்டினருக்கும் நோய் உண்மையிலேயே உறையைத் தாண்டியிருந்தது.

இரண்டாவது, சுரப்பியை ஒட்டியுள்ள விந்துப் பைகளில் நோய் பற்றியுள்ளதா என்பது.

மூன்றாவது, அறுவைக்குப் பிந்திய வாழ்வைப் பற்றியது. இல்லற வாழ்வுக்குரிய நரம்புகள் சுரப்பியின் இருபுறமும் ஓடுகின்றன. அவற்றைக் காத்து அறுக்கும் முறையை 1982ஆம் ஆண்டில் பாட்ரிக் வால்ஷ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் கையாண்டு காட்டினார். எந்தப் பக்கத்து நரம்பை விட்டுவைக்கலாம் என முடிவு செய்யப் படம் துணைபுரிகிறது. மேலும், சுரப்பிக்குக் கீழுள்ள சிறுநீர்க் குழாய்ப் பகுதி படத்தில் நீளமாகக் காணப்பட்டால், சிறுநீரை அடக்கும் ஆற்றல் விரைவில் திரும்பக்கூடும் என்றும் கண்டுள்ளனர்.

சொல்ல முடியாதது

ஆனால் படத்தின் கண்ணுக்கும் எல்லை உண்டு. 75 ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கு ஒன்று இதனைத் தெளிவாக்குகிறது. நோய் உறையைத் தாண்டியவர் நூறு பேர் என்றால், படம் சரியாகக் கண்டறிந்தது 57 பேரையே. தாண்டாதவர் நூறு பேரில் 91 பேரைச் சரியாகக் கூறிற்று. ஆகவே படம் தாண்டியது என்றால் பெரும்பாலும் மதிக்கவேண்டும். தாண்டவில்லை என்றால் அதையே முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. எனவேதான் மருத்துவர் படத்தோடு பி.எஸ்.ஏ. அளவையும் கிளீசன் எண்ணையும் சேர்த்தே எடை போடுகிறார். அறுத்தெடுத்த சுரப்பியைச் சோதித்த பின்னரே உண்மை நிலை உறுதியாகும்.

நோய் திரும்பினாலும் அதுவே முடிவு அன்று. அறுவைக்குப் பின் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய இல்லாதுபோகவேண்டும், அது 0.2 அளவை எட்டி, மறு சோதனையிலும் அவ்வாறே இருந்தால் நோய் திரும்பியதற்கு அறிகுறி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட 1,997 பேரைப் பற்றி 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 315 பேருக்கே பி.எஸ்.ஏ. மீண்டும் உயர்ந்தது. அவர்களுள் ஆய்வில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 304 பேரிலும் 34 விழுக்காட்டினருக்கே அந்த ஆய்வுக் காலத்தில் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியது. அறுவை முடிந்தவுடன் எல்லோருக்கும் கதிரியக்கம் கொடுப்பதைக் காட்டிலும், விழிப்புடன் கவனித்து, பி.எஸ்.ஏ. உயரத் தொடங்கும்போது கொடுப்பது தாழ்ந்ததன்று என்று 1,396 பேரிடம் நடத்தி 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. ஆகையால் அறுவைக்குப் பின் குறித்த நாளில் இரத்தச் சோதனை செய்துகொள்வது மிக இன்றியமையாதது.

சோதிடச் சீட்டு அன்று

இங்கே நாம் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். நூறு பேரில் இத்தனை பேர் என்பது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அந்த நூறு பேரில் நாம் யார் என்பதை அது சொல்லாது. குறி கேட்பதையும் சோதிடம் பார்ப்பதையும் திருச்சபை விலக்குகிறது. ஆனால் சிலர் ஜாதகத்தை விட்டுவிட்டு, மருத்துவப் படத்தையே ஜாதகமாக்கிக்கொள்கின்றனர். நல்ல சொல் வந்தால் மருந்தை மறக்கின்றனர். கெட்ட சொல் வந்தால் உண்ணவும் மறுக்கின்றனர். இரண்டும் தவறு. படம் விதியை எழுதுவதில்லை. அடுத்து எடுக்கவேண்டிய அடியைக் காட்டுகிறது. அறிவு இறைவன் தந்த கொடை. அதைப் பயன்படுத்துவது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

மறைப்பது அன்பாகுமா?

அந்தத் தந்தையையும் மகனையும் அவர்கள் இல்லத்தில் ஒருங்கே சந்தித்தோம். சற்று நேரம் இருவரும் வாய் திறக்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்த தாயார்தாம், "உங்கள் இருவருக்கும் தெரியும் என்பது எனக்கு முன்பே தெரியும்" என்றார். மூவரும் அழுதனர். மூன்று பேர் ஒரே சிலுவையைத் தனித்தனியே சுமந்துகொண்டிருந்திருக்கின்றனர்! கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் தமது கலக்கத்தைச் சீடரிடம் மறைக்கவில்லை. தம்மோடு விழித்திருக்கும்படி அவர்களைக் கேட்டார் என்று நினைவூட்டினோம்.

அடுத்த வாரம் மூவரும் சேர்ந்தே மருத்துவரிடம் சென்றனர். நோய் உறைக்குள் உள்ளதா, நரம்பைக் காக்க முடியுமா, அறுவையன்றி வேறு வழி உண்டா என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டனர். இடப்புறத்தில் உறை புடைத்துள்ளது, அந்தப் பக்கத்து நரம்பை விடுவது பாதுகாப்பன்று என்று மருத்துவர் விளக்கினார். கணவனும் மனைவியும் கலந்து பேசி இசைந்தனர்.

அறுவைக்கு முந்திய நாள் பெரியவர் நோயில் பூசுதல் பெற விரும்பினார். "அது சாகிறவர்களுக்கல்லவா, சாமி?" என்று மகன் தயங்கினார். அவ்வாறன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டில் இதனை நோயில் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் எனக் கூறிற்று. 1972ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய முறையை வகுத்தார். கடும் நோயின் காரணமாக அறுவைக்குச் செல்வோர் இந்த அருளடையாளத்தைப் பெறலாம்.

முதல் இரத்தச் சோதனையில் நல்ல செய்தி வந்தது. அடுத்த சோதனை நாள் நெருங்கும்போது வீட்டில் பேச்சு குறைகிறது என்று தாயார் கூறுகிறார். இப்போது அந்த அச்சத்தையும் மூவரும் சேர்ந்தே செபமாலையில் ஒப்புக்கொடுக்கின்றனர்.

அன்பான குடும்பத் தலைவர்களே! ஐம்பது வயதைக் கடந்தபின் சிறுநீர்த் தொல்லை இருந்தால் நாணத்தால் மறைக்கவேண்டா, மருத்துவரிடம் செல்லுங்கள். பிள்ளைகளே! பெற்றோரின் நோயை அவர்களிடமிருந்து ஒளிக்கவேண்டா. படத்தை மருத்துவர் பார்க்கட்டும். நோயாளியின் முகத்தைப் பார்ப்பது நம் கடமை.