ஒரு வேலி நிலமும் ஒரு மாதச் சம்பளமும்

எவ்வளவு வருமானம் வந்தால் ஒருவரை வசதியானவர் என்று சொல்லலாம்? சென்னையில் கேட்டால் மாதச் சம்பளத்தில் பதில் வரும். தஞ்சாவூர்ப் பக்கம் கேட்டால் இன்றைக்கும் பலர் நிலத்தைச் சொல்வார்கள். "அவருக்கென்னங்க, ஒரு வேலி நிலம் இருக்கு" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பதில் இன்னும் செல்லுபடியாகுமா? டீ சொல்லியாகிவிட்டது. உட்காருங்கள், கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

முதலில் அளவு. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி சேர்ந்தால் ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 6.6.

இனி ஒரு ஏக்கருக்கு வரவு செலவு. நல்ல விளைச்சல் என்றே வைத்துக்கொள்வோம், 60 சிப்பம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் என்றால் 40 கிலோ, ஆக 24 குவிண்டால். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். மாநில அரசு அதன்மேல் 156 ரூபாய் ஊக்கத்தொகை தந்தது. கைக்கு வருவது 2,545. இருபத்து நாலால் பெருக்கினால் 61,080 ரூபாய் வரவு.

செலவுக்கு ஊருக்கு ஊர் ஒரு கணக்கு உண்டு. சண்டை வேண்டாம், அரசாங்கக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதே ஆண்டு ஆதரவு விலையை நிர்ணயித்தபோது, நெல்லின் உற்பத்திச் செலவு என்று நாடு முழுமைக்குமாக மத்திய அரசு வைத்த தொகை குவிண்டாலுக்கு 1,579. உழவு, விதை, நடவு, உரம், மருந்து, அறுவடை மிஷின் வாடகை எல்லாம் இதில் அடக்கம். வீட்டார் வயலில் இறங்கிப் பாடுபடுவதற்கும் ஒரு கூலி போட்டிருக்கிறார்கள். 24 குவிண்டாலுக்கு 37,896 ரூபாய். வரவிலிருந்து கழித்தால் மிச்சம் 23,184.

"எங்க ஊர்ல இதைவிடக் கூடச் செலவாகுதே" என்று யாராவது குறுக்கிடுவார்கள். நியாயம்தான். செலவு கூடினால் மிச்சம் இன்னும் குறையும். சொந்த உடம்பால் உழைக்கிறவருக்கு அந்தக் கூலிப் பங்கு வீட்டிலேயே தங்கும். இரண்டையும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டி, ஏக்கருக்கு ஒரு போகத்தில் அதே 23,184 என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

குறுவை ஒன்று, தாளடி ஒன்று, இரண்டும் பழுதில்லாமல் வந்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 46,368. ஒரு வேலிக்கு ஏறக்குறைய 3 லட்சத்து 6 ஆயிரம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 25,500 ரூபாய்.

ஊரே பெரியவர் என்று சொல்லும் வேலிக்காரரின் மாதச் சம்பளம் அவ்வளவுதான். அதுவும் நல்ல வருஷத்தில்.

இந்த 25,000 சிறிதா பெரிதா? பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு சார்பில் 2022இல் வெளியான ஏற்றத்தாழ்வு அறிக்கை ஒன்று ஒரு செய்தி சொன்னது. 2019-20 கணக்கெடுப்புப்படி, மாதம் 25,000 ரூபாய் சம்பாதித்தாலே ஒருவர் இந்தியச் சம்பாத்தியக்காரர்களில் மேல் 10 சதவீதத்துக்குள் வந்துவிடுகிறார். நாடு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஒருவர் மேல் வரிசையில் இருப்பதாலேயே அவர் வீட்டில் பணம் தங்குகிறது என்று ஆகிவிடாது.

செலவுப் பக்கம் பார்த்தால் இது விளங்கும். 2023-24இல் எடுத்த வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதச் சராசரிச் செலவு 5,701 ரூபாய், நகரத்தில் 8,165. நாலு பேர் உள்ள குடும்பத்துக்குக் கிராமத்தில் 22,804, தஞ்சாவூர் கும்பகோணம் போன்ற டவுனில் 32,660. வேலிக்காரர் ஊரிலேயே இருந்தால் சராசரிக் குடும்பத்தைப் போலச் சாப்பிட்டு, உடுத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, மாதம் 2,700 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். டவுனுக்குக் குடிபோனால் மாதம் 7,000 பற்றாக்குறை.

சரி, அரசாங்கம் யாரை வசதியானவர் என்கிறது? கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது ஒரு கோடு போட்டார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். இதைத் தாண்டினால் அப்போது தந்த மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை உங்களுக்குத் தேவையில்லை என்று பொருள். நம்முடைய கணக்கில் 5 ஏக்கருக்கு இரண்டு போகமும் வந்தால் 2,31,840. அதாவது இரண்டரை லட்சமும் 5 ஏக்கரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கோடு போட்டவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அந்த 5 ஏக்கர்க்காரருக்கு மாதம் 19,320தான் வருகிறது. கிராமத்துச் சராசரிச் செலவுக்கே அது போதாது.

நில உச்சவரம்பையும் பார்த்துவிடுவோம். 1961இல் வந்த சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970இல் அதை 15 ஆக்கினார்கள். நல்ல நன்செய் ஓர் ஏக்கரை ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று தோராயமாக வைத்தால், சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச நிலத்திலிருந்து ஆண்டுக்கு 6 லட்சத்து 95 ஆயிரம், மாதம் 58,000 ரூபாய் வரும். புதிய வருமான வரி முறையிலோ ஆண்டுக்கு 12 லட்சம், அதாவது மாதம் 1 லட்சம் வரை வரியே இல்லை. நெல்லை மட்டும் நம்பினால், ஐந்து பேர் குடும்பம் சட்டம் விடும் நிலம் முழுவதையும் வைத்திருந்தாலும் வரி கட்டும் சம்பளக்காரரின் பக்கத்தில்கூடப் போக முடியாது. வேளாண் வருமானத்துக்கு வரி விலக்கு என்று அங்கலாய்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடைக் கணக்கு. திருவையாறு, கும்பகோணம் பக்கம் ஆற்றில் தண்ணீர் வராவிட்டாலும் போர் போட்டு குறுவை எடுத்துவிடுவார்கள். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் வாருங்கள். நிலத்தடியில் உப்புத் தண்ணீர். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடை வரை வந்து சேர்ந்தால்தான் உண்டு. சம்பா என்ற ஒரே போகத்தோடு சரி. அங்கே அதே 5 ஏக்கர் மாதம் 9,660 ரூபாய் ஆகிவிடும். சிட்டாவில் ஏக்கர் ஒன்றுபோலத்தான் இருக்கும். வருமானத்தைத் தீர்மானிப்பது மடை.

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். 2023இல் வழக்கப்படி திறந்தார்கள், தண்ணீர் போதாமல் அக்டோபர் 10இலேயே மூட வேண்டிவந்தது. 2024இல் திறந்ததே ஜூலை 28இல்தான். 2025இல் ஜூன் 12இல் திறந்தது. விளைச்சலும் வந்தது. ஆனால் அக்டோபர் மழையில் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துவைத்த குறுவை நெல் நனைந்து முளைத்தது. மூன்று வருஷத்தில் மூன்று விதம். "இரண்டும் பழுதில்லாமல் வந்தால்" என்று மேலே எழுதினேன் அல்லவா, அந்த மூன்று வார்த்தைக்குள் இத்தனையும் இருக்கிறது.

குத்தகைக்காரர் கதை இன்னும் இறுக்கம். நியாயக் குத்தகைச் சட்டப்படி நிலக்காரருக்கு மகசூலில் கால் பங்கு. அறுபதில் பதினைந்து சிப்பம், விலைக்கு 15,270 ரூபாய். மிச்சமான 23,184இல் இதைக் கழித்தால் ஏக்கருக்குக் கையில் நிற்பது 7,914. அவர் பிழைப்பது வயலில் போடும் சொந்த உழைப்பின் கூலியால்தான். நிலமே இல்லாதவருக்கு நூறு நாள் வேலையில் 2025-26இல் அறிவித்த கூலி நாளுக்கு 336. நூறு நாளும் முழுதாகக் கிடைத்திருந்தால் அந்த ஆண்டுக்கு 33,600. அவரைப் பார்க்கும்போது 5 ஏக்கர்க்காரர் வசதியானவர்தான். ஊரில் இந்தச் சொல் எப்போதும் பக்கத்து வீட்டைப் பார்த்துச் சொல்லும் சொல்.

அப்படியானால் கிராமத்தில் மாடி வீடு கட்டுபவர்கள் யார்? தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் ரிட்டயர்டு வாத்தியார், பென்ஷன் வருகிறது. அடுத்த வீட்டில் பிள்ளை சிங்கப்பூரில். அதற்கடுத்த வீட்டில் மருமகள் நர்ஸ். எல்லோருக்கும் வயலும் இருக்கிறது, ஆனால் வீடு எழும்பியது வயலால் இல்லை. 2018-19இல் எடுத்த வேளாண் குடும்பக் கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது. நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மாதச் சராசரி வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798, கூலி, சம்பளமாக வந்தது 4,063. விவசாயி என்று நாம் சொல்கிறவரே விளைச்சலைவிடக் கூலியிலும் சம்பளத்திலும்தான் அதிகம் பார்க்கிறார்.

வெளியே இருந்து வரும் அந்த மாதப் பணம் வயலிலும் வேலை செய்கிறது. அறுவடை முடிந்த ஒரு சாயங்காலம் கொள்முதல் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். ஒரு விவசாயி தன் குவியலில் கை விட்டு, நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார். "இன்னும் பச்சையாத்தான் இருக்கு" என்று தலையை ஆட்டுகிறார். விதிப்படி, மிஷின் காட்டும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பட்டியல் போடுவார்கள். அவரிடம் தார்ப்பாய் இருக்கிறது, நெல்லைக் கிளறிவிட ஆளுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது, ரெண்டு நாள் காயவிட்டுக் காத்திருந்து முழு விலை வாங்கிப் போவார். பக்கத்துக் குவியல்காரருக்கு, சாகுபடிக்காக அடகு வைத்த நகையை மறுநாள் மீட்டாக வேண்டும். சாலை ஓரத்திலேயே வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார். ஒரே ரகம், ஒரே வாய்க்கால், ஒரே மழை. விலையில்தான் வித்தியாசம்.

கடனிலும் இதே நடக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைத் தவணை தவறாமல் கட்டினால் வட்டி கிடையாது. தவறினால் வட்டி உண்டு. கையில் பணம் இருப்பவருக்குக் கடன் சும்மா கிடைக்கிறது. இல்லாதவருக்குத்தான் அது கடன். காத்திருக்க முடிகிறவருக்கு நெல்லும் கூடுதலாகக் கொடுக்கிறது, சங்கமும் கூடுதலாகக் கொடுக்கிறது.

நெல் வேண்டாம், தென்னை நிரந்தர வருமானம் என்று ஒரு காலத்தில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்து தோப்பு தோப்பாகச் சாய்த்தது. புதுக் கன்று வைத்தால் காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். அந்த வருஷங்களை யார் தாங்கினார்கள் என்று விசாரித்தால், தோப்பின் பரப்பு குறுக்கே வராது. வேறு வருமானம் இருந்ததா என்பதுதான் வந்து நிற்கும்.

ஆக, கேட்ட கேள்விக்கு எண்ணிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் சொந்த வீடு, நாலு பேர் குடும்பம், 5 ஏக்கர் நன்செய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 45,000 ரூபாய் வந்தால் அவர் வசதியானவர். சராசரிச் செலவைப் போல இரு மடங்கு. இதில் 25,000க்குக் குறையாமல் நெல்லுக்கு வெளியே இருந்து வர வேண்டும், அப்போதுதான் இரண்டு போகமும் போனாலும் அடுப்பு எரியும். இது போக, அடுத்த போகத்துக்கு ஏக்கருக்கு 38,000 வீதம் 1 லட்சத்து 90 ஆயிரம் கையில் இருக்க வேண்டும், நகை பீரோவில் இருக்க வேண்டும். டவுனில் இதே நிலைக்கு மாதம் 65,000 வேண்டும். வாடகை வீடு என்றால் இன்னும் மேலே. இது என் கணக்கு. உங்கள் ஊர்ச் செலவைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

வரன் பார்க்கும்போது "எத்தனை ஏக்கர்?" என்று கேட்பதை இனி விட்டுவிடலாம். போன குறுவைக்கு நகையை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். எங்கும் வைக்கவில்லை என்றால், அந்த வீடு வசதியான வீடு.