கரிம பாஸ்பரஸ் நஞ்சேற்றத்தில் அட்ரோபின்: மருந்தின் செயல்முறையும் செவிலியர் கண்காணிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கரிம பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் உடலில் சேரும்போது நரம்பு மண்டலத்தின் வேதித் தூதுவனாகிய அசிட்டைல்கோலின் அளவுக்கு மீறிப் பெருகுகிறது. இதற்கு முதன்மை மாற்று மருந்தாக அட்ரோபின் வழங்கப்படுகிறது. இம்மருந்துக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே அளவு இல்லை. நோயாளியின் உடல் காட்டும் குறிகளைக் கொண்டே அளவு முடிவாகிறது. அக்குறிகளை இரவும் பகலும் படுக்கையருகே நின்று காண்பவர் செவிலியர். அட்ரோபினின் செயல்முறை, அளவை இரட்டிக்கும் முறை, கண்காணிப்பு இலக்குகள், மிகையின் அறிகுறிகள், அட்ரோபின் எட்டாத தசைத் தளர்ச்சி ஆகியவற்றைச் செவிலியர் நோக்கில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அட்ரோபின், அசிட்டைல்கோலின், கரிம பாஸ்பரஸ், மஸ்கரினிக் ஏற்பி, நிக்கோட்டினிக் ஏற்பி, இடைநிலை நோய்க்குறித் தொகுதி, செவிலியம்.

முன்னுரை

நரம்பு மண்டலத்தில் செயல்படும் மருந்துகளைச் செவிலிய மாணவர்கள் பெரும்பாலும் பட்டியலாகவே கற்கின்றனர். மருந்தின் பெயர், வகை, அளவு, பக்கவிளைவு என்னும் வரிசை தேர்வுக்குப் போதுமானது. பணியிடத்தில் அது போதாது. வேளாண் நிலங்கள் சூழ்ந்த தமிழக மாவட்டங்களின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும், இலங்கையின் ஊரகப் பகுதி மருத்துவமனைகளிலும் பூச்சிக்கொல்லி நஞ்சேற்றம் நெடுங்காலமாகக் காணப்பட்டுவரும் அவசர நிலையாகும். அங்கு ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாது என்னும் புரிதலே உயிரைக் காக்கும் கருவியாகிறது. அட்ரோபின் இதற்குத் தக்க சான்று.

அசிட்டைல்கோலினும் இருவகை ஏற்பிகளும்

நரம்பு முனையிலிருந்து வெளியாகும் அசிட்டைல்கோலின், எதிரிலுள்ள உயிரணுவின் ஏற்பியில் பொருந்திச் செய்தியைக் கடத்துகிறது. செய்தி கடந்த மறுகணமே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதைச் சிதைத்துவிடும். கரிம பாஸ்பரஸ் சேர்மங்கள் இந்நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. தூதுவன் சிதைக்கப்படாமல் தேங்குவதால் ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன.

இவ்வேற்பிகள் இருவகைப்படும். மஸ்கரினிக் ஏற்பிகள் சுரப்பிகள், இதயம், மூச்சுக்குழல், குடல், சிறுநீர்ப்பை, கண்பாவை ஆகியவற்றில் உள்ளன. இவை மிகையாகத் தூண்டப்படும்போது உமிழ்நீரும் கண்ணீரும் வியர்வையும் பெருகும். நாடித் துடிப்பு குறையும். கண்பாவை ஊசிமுனையளவாகச் சுருங்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். இவை எல்லாவற்றினும் கொடியது மூச்சுக்குழல்களில் நீர் சுரந்து நிறைவதாகும். வெளியிலிருந்து ஒரு துளி நீரும் புகாமலேயே நோயாளி தம் சுரப்பிலேயே மூழ்கும் நிலை அது.

நிக்கோட்டினிக் ஏற்பிகள் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலும் நரம்பு முடிச்சுகளிலும் உள்ளன. இவற்றின் மிகைத் தூண்டலால் தசைகள் முதலில் துடிக்கும். பின்னர்த் தளர்ந்து செயலிழக்கும். மூளையிலுள்ள ஏற்பிகள் இருவகையிலும் பாதிக்கப்படுவதால் குழப்பம், வலிப்பு, மூச்சு மையத்தின் ஒடுக்கம் ஆகியவை நேர்கின்றன.

அட்ரோபின் மஸ்கரினிக் ஏற்பியில் மட்டும் அசிட்டைல்கோலினுடன் போட்டியிட்டு இடம்பிடிக்கிறது. அது நஞ்சை முறிப்பதில்லை; நொதியை மீட்பதுமில்லை. போட்டியில் வெல்வதற்கு எவ்வளவு மருந்து தேவை என்பது உடலில் தேங்கியுள்ள அசிட்டைல்கோலினின் அளவைப் பொறுத்தது. ஒரு நோயாளிக்குச் சில மில்லிகிராம் போதுமாக இருக்க, மற்றொருவருக்குப் பல மடங்கு தேவைப்படுவதன் காரணம் இதுவே.

ஊமத்தை என்னும் சொல்

அட்ரோபின் ஐரோப்பாவில் பெல்லடோனா என்னும் செடியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிரித்தெடுக்கப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஊமத்தையிலும் இவ்வேதிப்பொருள் உண்டு. தமிழில் மத்தம் என்னும் சொல் ஊமத்தையையும் மயக்க நிலையையும் ஒருங்கே குறிக்கும். உன்மத்தம் என்னும் வடசொல்லும் பித்து நிலையையும் இச்செடியையும் சுட்டும். செடியை உண்டவர் உடல் வறண்டு, கண் விரிந்து, பொருளற்றுப் பேசுவதை முன்னோர் கண்டு பெயரிட்டுள்ளனர் எனலாம். மருந்தியல் இன்று அட்ரோபின் மிகை எனக் குறிக்கும் நிலை இதுவே. செடியின் பெயரிலேயே மருந்தின் எல்லைக்குறி அடங்கியிருப்பது செவிலிய மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

அளவை இரட்டித்தல்

வளர்ந்தோர்க்கு முதல் அளவாக 1 முதல் 3 மில்லிகிராம் வரை சிரைவழி வழங்கப்படுகிறது. ஐந்து நிமிடம் கழித்து நோயாளியை மீண்டும் சோதிக்க வேண்டும். போதிய முன்னேற்றம் இல்லையெனில் அடுத்த அளவு முந்தையதைப் போல் இருமடங்காகும். இலக்கை எட்டும்வரை இம்முறை தொடரும். அதன்பின், அதுவரை தேவைப்பட்ட மொத்த அளவில் 10 முதல் 20 விழுக்காடு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சொட்டுவழி செலுத்தப்படும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதன் பயனை அறியலாம். 1 மில்லிலிட்டரில் 0.6 மில்லிகிராம் கொண்ட ஆம்பியூல் பயன்படுத்தப்படுவதாகக் கொள்வோம். முதல் அளவு 1.8 மில்லிகிராம், அதாவது 3 ஆம்பியூல். பின்னர் 3.6, 7.2, 14.4 மில்லிகிராம் என உயர்கிறது. நான்காம் அளவு முடியும்போது மொத்தம் 27 மில்லிகிராம், அதாவது 45 ஆம்பியூல் செலுத்தப்பட்டிருக்கும். இதற்கு ஆகும் நேரம் 15 நிமிடமே. இதே 27 மில்லிகிராமை, 1.8 மில்லிகிராமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் 15 ஊசிகளும் 70 நிமிடமும் தேவை. கால் மணிக்கு ஒருமுறை கொடுத்தால் மூன்றரை மணி நேரமாகும். நுரையீரலில் நீர் நிறைந்த நோயாளிக்கு அவ்வளவு நேரம் இல்லை.

வங்கதேசத்தின் சிட்டகாங்கில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. மரபான முறையில் அட்ரோபின் பெற்றோருள் இறப்பு 22.5 விழுக்காடாக இருந்தது. படிப்படியாக உயர்த்திப் பின் சொட்டுவழி செலுத்தப்பட்டோருள் அது 8 விழுக்காடாகக் குறைந்தது. இரு பிரிவினர்க்கும் கொடுக்கப்பட்டது ஒரே மருந்துதான். கொடுத்த முறையே வேறு.

நடைமுறையில் 24 ஆம்பியூல்களை உடைத்து ஊசிக்குழலில் ஏற்றுவதே சில நிமிடப் பணி. ஆகவே ஓர் அளவைச் செலுத்தும்போதே அடுத்த அளவை இரண்டாம் செவிலியர் தயார் செய்வது நன்று. ஆம்பியூலின் செறிவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் விவரச்சீட்டைப் படித்து, மில்லிகிராம் கணக்கிலேயே பதிவேட்டில் எழுத வேண்டும். “மூன்று ஆம்பியூல் கொடுக்கப்பட்டது” என்னும் பதிவு அடுத்த பணிமுறைக்கு வருபவருக்கு உறுதியான செய்தி ஆகாது.

ஐந்து இலக்குகள்

அட்ரோபின் போதுமான அளவு சேர்ந்துள்ளதை ஐந்து குறிகள் காட்டுகின்றன.

1. இரு நுரையீரல்களிலும் நீர்க் குமிழொலியும் இழுப்பொலியும் நீங்கியிருத்தல்.
2. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 80க்கு மேல் இருத்தல்.
3. சுருங்கழுத்தம் 80க்கு மேல் இருத்தல்.
4. அக்குள் உலர்ந்திருத்தல்.
5. கண்பாவை ஊசிமுனை நிலையிலிருந்து மீண்டிருத்தல்.

இவற்றுள் முதலிடம் நுரையீரலுக்கே உரியது. ஆயினும் நடைமுறையில் கண்பாவையே பலரும் முதலில் நோக்கும் குறியாக உள்ளது. டார்ச் விளக்கு ஒன்றே அதற்குப் போதும். கண்பாவை தாமதமாகவே விரியும். நஞ்சு நேரடியாகக் கண்ணில் தெறித்திருந்தால் மேலும் தாமதமாகும். அது முழுமையாக விரியட்டும் எனக் காத்திருந்து மருந்தைக் கூட்டுவது மிகைக்கு வழிவகுக்கும். நாடித் துடிப்பையும் தனித்து நம்புதல் தகாது. நாடி விரைவாக இருப்பதால் அட்ரோபின் வேண்டாம் என்று முடிவுசெய்வது பிழை. நிக்கோட்டினிக் தூண்டல், உயிர்வளிக் குறைவு, நீரிழப்பு, அச்சம் ஆகியவற்றாலும் நாடி விரையும். நுரையீரலில் குமிழொலி நீடிக்குமாயின் விரைந்த நாடி அட்ரோபினுக்குத் தடையன்று.

குமிழொலியிலும் ஒரு வேறுபாடு உண்டு. மார்பின் இருபுறமும் பரவலாகக் கேட்பது சுரப்பு மிகுதியைக் காட்டும். ஒரு பகுதியில் மட்டும் நிலைத்துக் கேட்பது, வாந்தி நுரையீரலுக்குள் சென்றதால் இருக்கலாம். அதனை அட்ரோபின் நீக்காது. செவிலியர் இவ்விரண்டையும் பிரித்துப் பதிவுசெய்தால் மருத்துவர் எடுக்கும் முடிவு தெளிவுபெறும்.

மிகையின் அறிகுறிகள்

குடல் ஒலி நின்றுபோதல், உடல் வெப்பம் உயர்தல், குழப்பமும் அலைக்கழிவும் தோன்றுதல் ஆகிய மூன்றும் மிகையைச் சுட்டுவன. இவை சேர்ந்து காணப்பட்டால் மருத்துவருக்கு உடனே தெரிவித்துச் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டும். அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் அறிகுறிகள் தணிந்ததா என மீண்டும் சோதித்து, தணிந்தபின் முந்தைய வீதத்தில் 70 முதல் 80 விழுக்காடு அளவில் தொடர்வது வழக்கம்.

வியர்வைச் சுரப்பியை அட்ரோபின் அடைப்பதால் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள இயலாது. கோடைக்காலத்தில், காற்றோட்டம் குறைந்த பொது வார்டில், அலைக்கழியும் நோயாளியின் கைகால்களைக் கட்டிவைத்தால் அவர் திமிறத் திமிற உடல் வெப்பம் மேலும் ஏறும். இது உயிருக்கே ஊறு செய்யக்கூடும். வெப்பநிலையைத் தவறாது அளத்தல், மின்விசிறி, ஈரத் துணியால் துடைத்தல் ஆகியவை இங்கு மருந்துக்கு இணையான சிகிச்சையாகும். சிறுநீர் தேங்கி வயிறு உப்புவதும் அலைக்கழிவுக்குக் காரணமாகலாம். அமைதியூட்டும் மருந்தைக் கேட்பதற்குமுன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம்.

அட்ரோபின் எட்டாத இடம்

1987இல் இலங்கையின் பேராதனையைச் சேர்ந்த சேனாநாயக்க, கரல்லியத்த ஆகிய மருத்துவர்கள் இடைநிலை நோய்க்குறித் தொகுதியை விவரித்தனர். நஞ்சேற்றத்தின் முதற்கட்ட நெருக்கடி தணிந்தபின், பொதுவாக 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்துத் தசைகளும் தோள், தொடைத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளரும் நிலை அது.

இதன் கொடுமை அது வரும் காலத்தில் உள்ளது. அப்போது நுரையீரல் தெளிந்திருக்கும். நாடி சீராக இருக்கும். நோயாளி விழித்து உறவினருடன் பேசியிருப்பார். கண்காணிப்பைத் தளர்த்தலாம் என்று தோன்றும் வேளையில் மூச்சுத் தசை ஓயத் தொடங்கும். இக்கோளாறு நிக்கோட்டினிக் ஏற்பிகள் உள்ள நரம்புத்தசைச் சந்திப்பில் நிகழ்வதால் அட்ரோபினைக் கூட்டுவதால் பயனில்லை. செயற்கைச் சுவாசமே வழி.

இதனை முன்கூட்டி அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. “தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்” என்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்டாலே போதும். தலையைத் தூக்க இயலாமை பெரும்பாலும் முதல் எச்சரிக்கையாகும். ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்பதையும் பதிவுசெய்யலாம். காலையில் இருபதுவரை எண்ணியவர் மாலையில் எட்டோடு நிறுத்தினால், உயிர்வளி அளவி இயல்பான எண்ணைக் காட்டினாலும் மருத்துவரை அழைக்க வேண்டும்.

துணை மருந்துகளும் தொடக்கப் பணிகளும்

பிராலிடாக்சிம் நொதியை மீட்க முயலும் மருந்து. இதன் பயன் குறித்த ஆய்வு முடிவுகள் ஒருமித்தவையாக இல்லை. விரைந்து செலுத்தினால் வாந்தியும் நாடி விரைவும் இரத்த அழுத்த உயர்வும் ஏற்படும் என்பதால் மெதுவாகவே செலுத்த வேண்டும். வலிப்புக்கு டயஸிபாம் தரப்படும்போது மூச்சு வீதத்தை உடனிருந்து நோக்க வேண்டும். குழல் பொருத்துவதற்காகச் சக்சினைல்கோலின் பயன்படுத்தினால், அதைச் சிதைக்கும் நொதியும் நஞ்சால் முடங்கியுள்ளதால் தசைச் செயலிழப்பு நெடுநேரம் நீடிக்கும்.

நோயாளியை இடப்பக்கமாகக் கிடத்தி மூச்சுவழியைக் காத்தல், உயிர்வளி தருதல், நனைந்த உடைகளைக் களைந்து சோப்பு நீரால் உடலைக் கழுவுதல், செவிலியர் கையுறை அணிதல் ஆகியவை தொடக்கப் பணிகள். இரைப்பையைக் கழுவுதல் இவற்றுக்கும் அட்ரோபினுக்கும் முந்தியதன்று.

படுக்கையருகே உறவும் உரையும்

இந்நோயாளிகளில் பலர் தாமே நஞ்சருந்தியவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. செவிலியர் பேச்சில் கண்டிப்போ ஏளனமோ இடம்பெறலாகாது. அட்ரோபினால் குழம்பிய நிலையில் நோயாளி பேசும் சொற்களை அவர் குணமாக உறவினர் கொள்ளாதவாறு, “இது மருந்தின் விளைவு, தெளிந்துவிடும்” என்று விளக்குவதும் செவிலியப் பணியே. உடல் தேறியபின் மனநல ஆலோசனைக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்பினால் சிகிச்சை பாதியில் நின்றதாகும்.

முடிவுரை

அட்ரோபினின் செயலெல்லையை அறிந்த செவிலியர், எக்குறி அம்மருந்துக்கு உட்பட்டது, எது உட்படாதது என்பதைப் பிரித்தறிகிறார். உலர்ந்த அக்குளும் தெளிந்த நுரையீரலும் அட்ரோபினின் வெற்றியைக் காட்டும். தூக்க இயலாத தலை அதன் எல்லையைக் காட்டும். கொதிக்கும் நெற்றியும் பிதற்றலும் அதன் மிகையைக் காட்டும். இம்மூன்றையும் நேரம் குறித்து ஒரே தாளில் பதிவுசெய்து அடுத்த பணிமுறையினரிடம் ஒப்படைக்கும் வழக்கம், விலையுயர்ந்த கருவிகள் இல்லாத மருத்துவமனைக்கும் இயலக்கூடியது. நரம்பு மண்டல மருந்துகளை ஏற்பிகளின் வழியே கற்பிக்கும் தமிழ்ப் பாடநூல்கள் பெருகுமாயின், அவ்வழக்கம் மனப்பாடமாக அல்லாமல் புரிதலாக வேரூன்றும்.