அளவுகோலும் செவியும்

போடிமெட்டுச் சரிவுகளில் விளையும் ஏலக்காயைச் சல்லடையிற் சலித்து மில்லிமீட்டர்க் கணக்கில் தரம் பிரிக்கின்றனர். பருமனைச் சல்லடை சொல்லும். மணத்தை மூக்கே சொல்லவேண்டும். இசையிலும் இத்தகைய வழக்கொன்று உண்டு. ஒலிப்பெட்டி வாங்கப் புகுவோருட் சிலர் கருவி கொண்டு அளந்த வரைபடமே சான்று என்பர். சிலர் தம் செவியே சான்று என்பர். நூறாண்டுகட்கு முன்னரே இவ்வழக்கினை வீணைத் தந்தியின்மேல் வைத்து நடத்தியவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தனர்.

அவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). இளமையில், போடிமெட்டுக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கினைச் சார்ந்த சுருளிமலையில், கருணானந்தர் என்னும் பெரியாரை அடுத்து மருத்துவம் பயின்றார். பின்னர்த் தஞ்சையில் அமர்ந்து, மருந்தால் ஈட்டிய பொருளை இசையாராய்ச்சிக்கு வாரி வழங்கினார். ஒரு ஸ்தாயியிற் சுருதிகள் 22 என்பது சாரங்கதேவர் கொள்கை. பண்டிதரோ அவை 24 என்றும், யாவும் சமமான படிகளே என்றும் சாதித்தார். 1916-இல் பரோடாவிற் கூடிய இசை மாநாட்டில் கணக்கை மட்டும் படித்து அமராது, தம் குடும்பத்துப் பெண்மக்களைக் கொண்டு வீணையில் இசைப்பித்தும் காட்டினார். மறு ஆண்டில் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' இக்கணக்குகளை விரித்துரைக்கும் பெருநூலாகும்.

கணக்கினைச் சிறிது நோக்குவோம். மேல் ஸட்ஜத்தின் அதிர்வெண் கீழ் ஸட்ஜத்தினும் இரு மடங்கு. இடைவெளியை 24 சமபடிகளாக வகுத்தால், ஒவ்வொரு படியும் முன்னதைப்போல் 1.0293 மடங்காம். பதினான்காம் படியாகிய பஞ்சமம் 1.4983 மடங்கு, செவிக்கு இயல்பாய் இசையும் பஞ்சமமோ சரியாக 1.5 மடங்கு. 32 அங்குலத் தந்தியில் இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் நாற்பதில் ஒரு கூறே. தச்சன் முழக்கோல் இதனைக் காணாது. ஆயின் நொடிக்கு 200 அதிர்வுள்ள ஸட்ஜத்துக்கு இவ்விரு பஞ்சமங்களையும் இரு தந்திகளிற் கூட்டி மீட்டினால், ஓசை மூன்று நொடிக்கு ஒருமுறை எழுந்து தாழும். கோல் காணாததைச் செவி கண்டுவிடுகிறது! அந்தர காந்தாரத்திலோ வேற்றுமை அங்குலத்தில் ஐந்தில் ஒரு கூறு. அது கண்ணுக்கே தெரியும்.

எனவே செவியையும் ஓர் அளவுகருவி என்றே யாம் கொள்கின்றோம். ஆயினும் அசையாது நிற்கும் சுரத்தில் உள்ள அதன் கூர்மை கமகத்தில் நில்லாது. தோடியின் காந்தாரம் ஊசலாடுங்கால் அது 22-இன் பாற்படுமோ 24-இன் பாற்படுமோ என்று வாதிடுதல், ஓடும் நீரில் கோடு கிழிப்பதே.

வீணை செய்வோர் 24 மெட்டுகளையும் கரிய மெழுகின்மேற் பதிக்கின்றனர். கணக்கிட்ட இடத்திலேயே வைத்துவிட்டால் என்னை? தந்தியை மெட்டின்மேல் அழுத்துங்கால் அது சிறிது இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். நீளத்தை மட்டும் எண்ணிய கணக்கு இவ்விழுப்பினை அறியாது. ஆதலின் கேட்டுக் கேட்டே மெட்டை நகர்த்தி நிறுத்துகின்றனர்.

மிருதங்கமும் இவ்வாறே. வெறுந்தோலின் இரண்டாம் ஒலி முதலொலியைப்போல் ஏறத்தாழ 1.59 மடங்கு, ஆதலின் இசையாகாது இரைச்சலாகும். வலந்தலையின் நடுவில் இடும் கரிய கரணை, அவ்வொலிகளை முழு எண் விகிதத்துக்குக் கொணர்கின்றது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ஸர் சி. வி. இராமன் இதனை 1920-இல் ஆராய்ந்து வெளியிட்டார். அதற்குப் பன்னெடுங்காலத்துக்கு முன்பிருந்தே வினைஞர், கல்லின் பொடியையும் சோற்றையும் பிசைந்து, ஒவ்வொரு படலமாய்த் தேய்த்தேற்றி, இடையிடையே தட்டிக் கேட்டு, ஓசை தெளிந்தவிடத்தில் நிறுத்தி வந்துள்ளனர்.